எழுதியவரே விற்கும் நாவல்: இணையக் கடையின் கணக்குவழக்கு

1920 ஜூன் மாதம் கடையத்திலிருந்து பாரதியார் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட்டு விற்கப்போகிறேன், நண்பர்கள் கடன் தந்து உதவுங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்பது அதன் சாரம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விலைபோவது போலத் தன் புத்தகங்களும் வீட்டுக்கு வீடு விலைபோகும் என்று அவர் நம்பினார். பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்துபோனார்.

அதற்கு முன்பே இன்னொரு வழி இருந்தது. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், புத்தகம் வருவதற்கு முன்பே வாங்குவதாக ஒப்புக்கொண்டவர்களிடம் கையொப்பம் வாங்கினார். இதையேதான் பிற்காலப் பதிப்பகங்கள் முன்வெளியீட்டுத் திட்டம் என்றன. எழுதியவரோ பதிப்பித்தவரோ தானே வாசகரைத் தேடிப்போவது தமிழில் புதிய சங்கதி இல்லை. இணையம் வந்த பிறகு மாறியது என்னவென்றால், பாரதியாரைத் தடுத்த அச்சுச் செலவு ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. வாசகரைத் தேடும் வேலை மட்டும் அப்படியே மிச்சமிருக்கிறது.

தமிழ் நாவலாசிரியருக்கு 2016 முக்கியமான ஆண்டு. அந்த டிசம்பரில்தான் அமேசான் தன் கிண்டில் மின்னூல் கடையில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளை முறையாகச் சேர்த்தது. கிண்டில் கருவி அமெரிக்காவில் 2007-இலேயே வந்துவிட்டது. நமக்கு ஒன்பது வருடம் ஆனது. அதே 2016-இல் யுபிஐயும் வந்தது. பலர் முதலாவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், சொந்தமாகப் புத்தகம் போடுகிறவருக்கு இரண்டாவதும் அதே அளவு பெரிய விஷயம். ஒரு வாட்ஸ்அப் எண், ஒரு க்யூஆர் கோடு, கொஞ்சம் பழுப்பு உறை இருந்தால் யாரும் புத்தகக் கடைக்காரர்தான்.

முதலில் மின்னூலைப் பார்ப்போம். நாவலை ஏற்றுவதற்குக் காசு வாங்குவதில்லை. கோப்பையும் அட்டைப் படத்தையும் கொடுத்தால் ஓரிரு நாளில் கடையில் வந்துவிடும். இந்த எளிமைதான் ஏமாற்றுகிறது. கடை திறந்தாயிற்று, இனி விற்கும் என்று தோன்றும். ஊர்ப் புத்தகக் கடையில் ஒரு கடைக்காரர் இருப்பார். "இதைப் படிச்சுப் பாருங்க சார்" என்று எடுத்துக் கொடுப்பார். இணையக் கடையில் அலமாரி உண்டு, கல்லா உண்டு, அந்த ஆள் கிடையாது. அவர் செய்துகொண்டிருந்த வேலை மொத்தமும் எழுத்தாளர் தலையில் விழுகிறது. அதில் பெரும்பகுதி விளம்பரம் அல்ல, ஏற்றும்போதே முடிவாகிவிடுகிற சின்னச் சின்ன ஏற்பாடுகள்.

எழுத்துருவையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் அச்சான நாவலை இப்போது மின்னூலாக்க விரும்புகிறவரிடம் இருப்பது பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்பு. தமிழக அரசு ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக ஏற்றதே 2010-இல்தான். அந்தப் பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். மாற்றியில் போட்டு ஒருங்குறி ஆக்கும்போது நடுவில் வந்த ஆங்கிலச் சொல்லெல்லாம் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். 'ஸ்ரீ' உடையும், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் பிரியும். மாற்றிய கோப்பை வரிவரியாகப் படிக்காமல் ஏற்றினால், முதல் வாசகரின் ஒற்றை நட்சத்திரம் கதைக்காக இருக்காது.

அப்புறம் முன்னுரை. தமிழ்ப் புத்தகத்தில் பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றி எல்லாம் முடிந்த பிறகுதான் கதை தொடங்கும். அச்சில் இதனால் நஷ்டம் இல்லை, வாங்கப்போகிறவர் நடுப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்வார். கிண்டிலில் இலவச மாதிரியாகக் கிடைப்பது புத்தகத்தின் முன்பகுதி மட்டும்தான், சுமார் 10 சதவீதம். 150 பக்க நாவலில் 15 பக்கம். நண்பர் ஒருவரின் அணிந்துரையும் பேராசிரியர் ஒருவரின் வாழ்த்துரையும் அதைச் சாப்பிட்டுவிட்டால், வாசகர் கதையின் ஒரு வரியைக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறார். அவற்றைக் கடைசிக்கு நகர்த்துங்கள். வாழ்த்தியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

தேடலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நாவலைத் தமிழில் படிக்கிறவர் தேடும்போது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார். அதில் 'ழ'வையும் 'ஞா'வையும் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவோம். கிண்டிலில் நாமே பதிப்பிக்கும் கேடிபி முறையில் தேடுசொற்களுக்கு ஏழு பெட்டிகள் தருகிறார்கள். தலைப்பில் இருக்கும் சொல்லையே அதில் திரும்பப் போட்டுப் பெட்டியை வீணாக்குகிறவர்கள் அதிகம். வாசகர் தலைப்பைத் தேடுவது அதை ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தால்தான். மற்றபடி அவர் தேடுவது 'குடும்ப நாவல்', 'துப்பறியும் கதை', 'சோழர் கால நாவல்' என்றுதான். அந்தச் சொற்களைத் தமிழிலும், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகவும் நிரப்பலாம். அட்டைப் படமும் அப்படித்தான். கைப்பேசியில் அது கட்டைவிரல் நகத்தளவுதான் தெரியும். ஓவியரின் நுணுக்கமெல்லாம் காணாமல்போய், தலைப்பைப் படிக்க முடிகிறதா என்பது மட்டும் மிஞ்சும்.

இப்போது காசு. கிண்டிலில் எழுத்தாளருக்கு இரண்டு விகிதங்கள் உண்டு, 35 சதவீதம் அல்லது 70 சதவீதம். அச்சுப் பதிப்பகத்தில் வழக்கமாகப் பேசப்படும் 10 சதவீத உரிமைத்தொகையோடு ஒப்பிட்டால் 70 என்பது கனவு மாதிரி தெரியும். ஆனால் இந்திய விற்பனையில் 70 கிடைக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் புத்தகத்தைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. கூகுளில் விற்கக் கூடாது, கதைத் தளங்களில் தொடராக ஓடக் கூடாது, சொந்த இணையதளத்திலும் 10 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 90 நாள் முடிந்ததும் நாமாக நிறுத்தாவிட்டால் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். இணையத்தில் தொடராக வந்த குடும்ப நாவல்கள் முடிந்த சில நாளிலேயே காணாமல்போய்க் கிண்டிலில் முளைப்பதற்குக் காரணம் இந்த விதிதான்.

அதே திட்டத்தில் சேர்ந்தால்தான் புத்தகம் கிண்டில் அன்லிமிடெடுக்குள் போகும். மாதச் சந்தா கட்டியவர் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்ற இந்தச் சேவை இந்தியாவுக்கு 2015-இல் வந்தது. இங்கே எழுத்தாளருக்குப் பணம் புத்தகக் கணக்கில் வராது, படித்த பக்கக் கணக்கில் வரும். உலகம் முழுவதற்கும் ஒரு நிதியை ஒதுக்கி, அந்த மாதம் படிக்கப்பட்ட பக்கங்களுக்கு அதிலிருந்து பங்கு போடுவார்கள். பக்கத்துக்கான விலை மாதாமாதம் மாறும், எப்போதும் காசுக் கணக்குதான். பேச்சுக்கு 10 காசு என்று வைத்துக்கொண்டால், 300 பக்க நாவலை ஒருவர் கடைசிவரை படித்தால் 30 ரூபாய். பாதியில் விட்டால் 15. அதே வாசகர் இரண்டாம் முறை படித்தால் ஒன்றும் கிடையாது.

தமிழ்க் கிண்டிலின் முகத்தையே இந்த ஒரு விதி தீர்மானித்திருக்கிறது என்பேன். பக்கத்துக்குக் காசு என்றால் யாருக்கு லாபம்? கீழே வைக்க முடியாத நீளமான கதையை, வருடத்துக்கு மூன்று நான்கு எழுதுகிறவருக்கு. குடும்ப நாவல், காதல் நாவல் எழுதும் பெண்கள் கிண்டிலில் செல்வாக்கோடு இருப்பது இதனால்தான். இலக்கிய வட்டத்தில் அவர்கள் பெயரைச் சொல்ல மாட்டார்கள், விமர்சனக் கூட்டமும் நடக்காது. ஆனால் இணையத்தில் நாவல் விற்பது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் கவனிக்க வேண்டியது அவர்களைத்தான். ஒரு கதை முடியும் இடத்தில் அடுத்த கதையின் முதல் அத்தியாயம் இருக்கும். முந்தைய நாவலின் துணைப் பாத்திரம் இதில் நாயகியாக வருவாள். ஒருமுறை உள்ளே வந்த வாசகி பத்துப் புத்தகம் படித்துவிட்டுத்தான் வெளியே போவாள். 120 பக்கத்தில் செறிவான ஒரு நாவலை ஐந்து வருடம் எழுதுகிறவருக்கு இந்த முறையில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அவர் செலக்டில் சேர்வதா, எல்லாக் கடைகளிலும் வைத்துக்கொள்வதா என்பதைத் தன் எழுத்தின் சுபாவத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது வெளிநாட்டு விலை. இந்திய விலையை 150 ரூபாய் என்று போட்டுவிட்டு, மற்ற நாடுகளுக்குத் தானாக மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். அமெரிக்கக் கடையில் அது இரண்டு டாலருக்கும் கீழே வரும். அங்கே 70 சதவீத விகிதத்துக்குக் குறைந்தபட்ச விலை 2.99 டாலர். அதற்குக் கீழே என்றால் 35தான். ஆக ஒரு பிரதிக்கு 60 சென்ட் சுமாருக்குக் கிடைக்கும். விலையைத் தனியாக 2.99 என்று வைத்திருந்தால் இரண்டு டாலரை ஒட்டி வந்திருக்கும். டொரன்டோவிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் தமிழ் வாசகருக்கு அச்சுப் புத்தகத்தை அனுப்பினால் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். அவர் மின்னூலுக்கு மூன்று டாலர் தரத் தயங்க மாட்டார். வரிப் படிவத்தையும் சேர்த்தே சொல்லிவிடலாம். அமெரிக்க விற்பனையில் கிடைக்கும் உரிமைத்தொகைக்கு அங்கே 30 சதவீதம் பிடிப்பார்கள். இந்திய – அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அது 15 ஆகக் குறையும், அதற்குப் பதிவு செய்யும்போதே நம் பான் எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும்.

உள்ளூர் வரியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. மின்னூலுக்கு உண்டு. அச்சுப் பதிப்பும் உள்ள மின்னூலுக்கு 5 சதவீதம், மின்னூலாக மட்டுமே வருவதற்கு 18 சதவீதம் என்று 2018-இல் பிரித்தார்கள். அதே கதை, அதே சொற்கள்.

சரி, அச்சுக்கு வருவோம். கேடிபியில் தமிழ் மின்னூலுக்கு மட்டும்தான், அச்சுக்கு வழியில்லை. அதனால் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் சென்னையிலோ பெங்களூரிலோ போட்டுக்கொள்கிறார்கள். சென்னையின் நோஷன் பிரஸ், பெங்களூரின் போத்தி டாட் காம் போன்றவை இதற்கென்றே இருப்பவை. 50 பிரதி, 100 பிரதி அச்சிட்டுத் தருகிற அச்சகங்களும் நிறைய உண்டு. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். அதை வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமையின் தளத்தில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். இதற்குப் பணம் கேட்கிற இடைத்தரகர்களுக்கு ஒரு கும்பிடு. புத்தகம் வந்ததும் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். இது தானே வெளியிடுகிறவருக்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது.

200 பக்க நாவலுக்கு விலை 250 ரூபாய், சிறிய எண்ணிக்கையில் அச்சிடுவதால் பிரதிக்கு 100 ரூபாய் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். பனுவல், காமன்ஃபோக்ஸ், உடுமலை போன்ற இணையக் கடைகள் மூலமோ ஊர்க் கடைகள் மூலமோ போகும்போது கழிவு கொடுக்க வேண்டும். 40 சதவீதக் கழிவு என்றால் 100 ரூபாய் போச்சு. மிச்சம் 50. அதுவும் விற்ற பிறகு, சில இடங்களில் பலமுறை கேட்ட பிறகு வரும். எழுத்தாளரே வாட்ஸ்அப்பில் விலாசம் வாங்கி, யுபிஐயில் பணம் பெற்று, தபாலும் உறையும் தன் செலவு என்று 40 ரூபாய் போட்டு அனுப்பினால்கூடக் கையில் 110 நிற்கும். இரண்டு மடங்குக்கு மேல். அதைவிட முக்கியம், வாங்கியவரின் பெயரும் எண்ணும் அவரிடம் இருக்கும். அமேசானில் ஆயிரம் பேர் வாங்கினாலும் அவர்கள் யார் என்று எழுத்தாளருக்குச் சொல்ல மாட்டார்கள். அடுத்த நாவல் வரும்போது அந்த ஆயிரம் பேரையும் முதலிலிருந்து தேட வேண்டும். நேராக வாங்கிய 200 பேருக்கு ஒரு செய்தி போதும். சாமிநாதையர் வீடுவீடாகப் போய் வாங்கிய கையொப்பத்தின் மதிப்பு இதுதான்.

இந்த நேரடி விற்பனைக்கு முதுகெலும்பாக இருந்தது தபால் துறையின் பதிவுப் புத்தக அஞ்சல். கூரியரைவிட மலிவு, கூரியர் போகாத ஊருக்கும் போகும். 2024 டிசம்பரில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். சிறு பதிப்பகங்கள் புலம்பின. 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்ற பெயரில் வேறொன்று வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை போனால் 100 ரூபாய். ஆனால் விதிகளில் இருப்பது பாடநூல்களும், சமூக, பண்பாட்டு, சமய இலக்கியமும். நாவலைக் கட்டி எடுத்துக்கொண்டு போவதற்கு முன், உங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் அவர்கள் அதை எதில் சேர்க்கிறார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

சாதனைக் கதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010-இல் தன் நாவல்களைத் தானே கிண்டிலில் ஏற்றிய அமெரிக்க எழுத்தாளர் அமண்டா ஹாக்கிங்கை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றார். பலர் சொல்லாமல் விடுவது அதன் பின்பாதியை. 2011-இல் அவர் 20 லட்சம் டாலருக்கு ஒரு பழைய பாணிப் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். அட்டை, பிழைதிருத்தம், மின்னஞ்சல் என்று வாரம் முழுக்க ஓடுவதை விட்டுவிட்டு எழுத வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். நம் நாட்டில் அமீஷ் 2010-இல் தன் முதல் ஆங்கில நாவலைத் தன் முகவர் வழியே கொண்டுவந்தார், விற்கும் வேலையைத் தானே பார்த்தார். முதல் அத்தியாயத்தைத் தனியாக அச்சிட்டுப் புத்தகக் கடைகளில் இலவசமாகக் கொடுக்க வைத்தார், யூடியூபில் முன்னோட்டம் விட்டார். நிர்வாகம் படித்து நிதித் துறையில் வேலை பார்த்தவர். சந்தைப்படுத்துவது அவருக்குக் கூச்சம் தரும் காரியம் இல்லை.

நம் எழுத்தாளர்கள் பலருக்கு அந்தக் கூச்சம் உண்டு. தன் புத்தகத்தை வாங்குங்கள் என்று தானே எழுதுவது அழகில்லை என்று நினைப்பார்கள். அந்தக் கூச்சத்தோடேயே விற்கவும் வழி இருக்கிறது. நாவலின் ஓர் அத்தியாயத்தை அப்படியே ஃபேஸ்புக்கில் போடலாம், 10 சதவீத எல்லைக்குள் இருந்தால் கேடிபி செலக்டும் ஒன்றும் சொல்லாது. 90 நாளுக்குள் ஐந்து நாள் மின்னூலை இலவசமாகத் தரவும் அந்தத் திட்டத்தில் இடமுண்டு. ஆனால் முதல் புத்தகத்துக்கு இலவச நாள் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆயிரம் பேர் இறக்குவார்கள், இலவசப் பட்டியலில் முதலிடம் வரும், திரைப்பதிவு எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பட்டியல் விற்பனைப் பட்டியலிலிருந்து தனி. மறுநாள் எல்லாம் பழையபடி. மூன்றாவது புத்தகம் வந்த பிறகு முதல் புத்தகத்தை இலவசமாக விட்டால், அதைப் படித்தவர் போவதற்கு இன்னும் இரண்டு இடம் இருக்கும். காசு கொடுத்துச் செய்யும் விளம்பரத்துக்கும் இதே நியாயம்தான். ஒரே நாவலை வைத்துக்கொண்டு விளம்பரத்துக்குச் செலவழிப்பவர், ஒரு வாசகரைக் கொண்டுவர ஆகும் செலவை அந்த ஒரு பிரதியிலேயே எடுத்தாக வேண்டும். ஒரு பிரதியில் வரும் சொற்ப வருமானத்தில் அது நடக்கிற காரியமில்லை.

உறவினர்களைப் பிடித்து ஐந்து நட்சத்திரம் போட வைப்பது அமேசான் விதிக்கு விரோதம், கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள். படித்துவிட்டு நல்லா இருந்தது என்று தனியாகச் செய்தி அனுப்புகிற முன்பின் தெரியாத வாசகரிடம், அதையே அங்கே இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

டெலிகிராம் குழுக்களில் பிடிஎஃப் ஆக உலவுவது தமிழில் ஓரளவு விற்கிற எல்லாருக்கும் நடக்கிறது. புகார் கொடுத்தால் ஒரு குழு மூடும், இன்னொன்று திறக்கும். வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதற்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

கடைசியாகப் பணம் கைக்கு வருகிற காலம். கிண்டில் விற்பனைக்கான தொகை, அந்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து வங்கிக்கு வரும். சென்னைப் புத்தகக் காட்சியையொட்டி ஜனவரியில் சூடாக விற்ற மின்னூலின் காசு மார்ச் கடைசியில்தான் தெரியும். காட்சியில் விற்ற அச்சுப் பிரதிகளுக்கு, அடுத்தவர் அரங்கில் வைக்கக் கொடுத்திருந்தால், அவர் கணக்கு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்த நூறு பிரதிக்கு அச்சகத்தில் முன்பணம் கட்டப்போகிறவர் இந்த இரண்டு தேதிகளையும் பார்த்துக்கொண்டு வேலையைக் கொடுப்பது உத்தமம்.